தைக்காட்டில் ஒரு பேறுகாலம்

மேற்கு மலையோரத்துப் பெண்கள் – 9

நெடுமங்காட்டையும் விதுராவையும் தாண்டிப் பொன்முடிக்கு ஏறுகிறவர்கள் கல்லாற்றில் ஒருமுறை வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. உருண்டு திரண்ட பாறைகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து புறப்படும் இடம் அது. மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள், தேயிலை, மூடுபனி. கீழே இந்த ஆறு வாமனபுரம் ஆற்றோடு போய்ச் சேர்கிறது. போன வாரம் இந்தக் கல்லாற்றுக் காட்டில் வாழும் லட்சுமிக்குட்டியம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன். காணிப் பழங்குடியில் பிறந்தவர். ஐந்நூறு மருந்து முறைகளை ஏட்டில் எழுதாமல் நினைவில் வைத்திருப்பவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்த அறிவு அவருக்குத் தாயாரிடமிருந்து வந்தது. தாயார் அந்தக் காட்டுக்குள் பேறு பார்த்தவர்.

கட்டுரையை அனுப்பிய பிறகும் அந்தத் தாய் என் மனத்தை விட்டுப் போகவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோரை முதலில் கையில் ஏந்தியவர்கள் அவரைப் போன்ற பெண்கள்தாம். மலையில் காணிப் பெண், சமவெளியில் வயற்றாட்டி, எங்கள் தெற்குப் பக்கத்தில் மருத்துவச்சி. ஊரில் யாருக்கு எத்தனையாவது மாதம், யாருக்கு முதல் பிள்ளை தங்கவில்லை, யாருடைய இடுப்பு குறுகல் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அன்றைய ஆங்கில மருத்துவமோ அவர்களை அழுக்கு என்றும் அறியாமை என்றும் சொல்லி ஒதுக்கியது. வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகவே 1903-இல் ஒரு நிதியைத் தொடங்கினார். பணம் இருந்தது, பாடம் இருந்தது. ஆனால் பிழைப்பில் கைவைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அஞ்சுகிறவர்களை வகுப்பில் உட்கார வைப்பது அத்தனை எளிதா?

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தார். மருத்துவச்சிகளோடு மல்லுக்கு நிற்காமல் அவர்களுடைய பிள்ளைகளைக் கூப்பிட்டு, தைக்காடு பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பேறுகாலப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயர் மேரி புன்னன் லூக்கோஸ்.

இந்தப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு நீண்ட பட்டியல். திருவிதாங்கூரின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், இந்தியாவின் முதல் பெண் சர்ஜன் ஜெனரல், கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவையைச் செய்தவர் என்று அது போகும். சிலர் உலகிலேயே முதல் பெண் சர்ஜன் ஜெனரல் என்று எழுதி, அமெரிக்காவில் அந்தப் பதவிக்கு ஒரு பெண் 1990-இல்தான் வந்தார் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு சமஸ்தானத்தின் மருத்துவத் துறைத் தலைமையையும் அமெரிக்கப் பதவியையும் பெயர் ஒன்று என்பதற்காகப் பக்கத்தில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு அந்த ஒப்பீட்டின் தயவும் தேவையில்லை. பட்டியல் நீள நீள, அந்தப் பெண் என்ன செய்தார் என்பது மறைந்துகொண்டே போகிறது. தைக்காட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பெண்கள் பயமில்லாமல் வந்தார்களே, அது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் 1886 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பிறந்தார் மேரி. அருந்ததி ராயின் நாவல் வழியாகப் பிற்காலத்தில் உலகமே அறிந்துகொண்ட ஊர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், ஒரே பிள்ளை. தந்தை டாக்டர் டி.இ. புன்னன் திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி, அரண்மனை மருத்துவர். தாயாருக்கு உடல்நலம் சரியில்லாததால் ஆங்கிலேய ஆசிரியைகளின் பொறுப்பில் மேரி வளர்ந்தார். திருவனந்தபுரம் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் படித்து மெட்ரிகுலேஷனில் முதலாவதாக வந்தார்.

தமிழ் வாசகர்கள் இந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேரி பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு, 1886 ஜூலை 30-ஆம் தேதி, புதுக்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இரண்டு பேருமே சமஸ்தானத்துப் பிள்ளைகள். இரண்டு பேருமே ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரிகளில் தனி ஒருத்தியாகப் போய் உட்கார்ந்தவர்கள். புதுக்கோட்டையில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு முத்துலட்சுமிக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். திருவனந்தபுரத்தில் மேரிக்கு இடம் கிடைத்தது. ஆனால் பெண் என்பதால் அறிவியல் பிரிவு மறுக்கப்பட்டது. மருத்துவராக நினைத்த பெண் வரலாறு படித்து 1909-இல் பி.ஏ. பட்டம் வாங்கினார். முத்துலட்சுமி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியை முடித்து வெளியே வந்தார். மேரி கப்பலேறி லண்டனுக்குப் போனார்.

1915-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டம். கேரளத்திலிருந்து போய் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பிறகு டப்ளினில் ரோட்டண்டா மருத்துவமனையில் பேறுகால மருத்துவமும், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தை மருத்துவமும் பயின்றார். இடையில் சங்கீதப் பரீட்சை ஒன்றிலும் தேறினார். அது முதல் உலகப் போர்க் காலம். ஆண் மருத்துவர்கள் போர்முனைக்குப் போய்விட, அங்குள்ள ஆஸ்பத்திரிகள் பெண் மருத்துவர்களுக்கு வேறு வழியில்லாமல் கதவைத் திறந்திருந்தன. அவர் விரும்பியிருந்தால் அங்கேயே தங்கியிருக்கலாம். 1916-இல் ஊருக்குத் திரும்பினார். தந்தை காலமானதும் அந்த ஆண்டில்தான்.

வந்ததும் தைக்காட்டில் வேலை. பேறுகால மருத்துவர், அதோடு கண்காணிப்பாளர் பொறுப்பும். மறு ஆண்டு வழக்கறிஞர் கே.கே. லூக்கோஸைத் திருமணம் செய்துகொண்டார். அவர் பின்னாளில் திருவிதாங்கூர் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

தைக்காடு ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. காலையில் போனால் புறநோயாளிப் பிரிவில் வயிறு தள்ளிய பெண்களும், ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நிற்கும் அம்மாமார்களும், வெளியே மரத்தடியில் காத்திருக்கும் ஆண்களும் தென்படுவார்கள். இன்றைக்கு யாரும் அதைத் துணிச்சலான காரியமாக நினைப்பதில்லை. 1916-இல் நிலைமை அப்படி இல்லை. ஆஸ்பத்திரி என்பது சாகப் போகிற இடம் என்ற எண்ணம் இருந்தது. வீட்டில் மருத்துவச்சியால் முடியாது என்று கைவிட்ட பிறகு, இரண்டு மூன்று நாள் நோவுக்குப் பின்னர், கடைசியாகக் கொண்டுவரப்படுகிறவர்களில் பலர் பிழைப்பதில்லை. அவர்கள் பிழைக்காததே ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்பதற்குச் சாட்சியாகிவிடும். சாதி வேறு குறுக்கே நின்றது. அந்தக் கட்டிலில் முன்பு யார் படுத்திருந்தார்கள், தண்ணீர் கொடுப்பது யார், தீட்டுத் துணியைத் துவைப்பது யார் என்ற கேள்விகள் எல்லாம் இருந்தன. தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு என்ற முறையும் இருந்தது. இத்தனையையும் மீறி ஒரு பெண்ணை ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவைக்க வேண்டும். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் மட்டும் வருவார்களா?

மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்ததன் அருமை இங்கேதான் புரிகிறது. ஊருக்குள் ஒரு மருத்துவச்சி சொல்லுக்கு இருந்த மதிப்பு, லண்டன் டாக்டர் சொல்லுக்கு இல்லை. ஆஸ்பத்திரி அவளுக்குப் போட்டியாக நின்றால், போகாதே என்று சொல்லும் முதல் ஆளும் அவள்தான். அவளுடைய மகளே அங்கே வேலை பழகுகிறாள் என்றாலோ, அந்த வாசல் அவளுக்கும் சொந்தமாகிறது. நோவு முற்றும் வரை காத்திருக்காமல், இந்தக் கேஸை நேரத்தோடு கொண்டுபோங்கள் என்று அவள் சொல்லக்கூடும். கை கழுவுவது, நகம் வெட்டுவது, தொப்புள்கொடி வெட்டும் கத்தியைக் கொதிக்க வைப்பது, ரத்தப்போக்கு எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்று தெரிந்துகொள்வது ஆகியவை பெரிய படிப்பு வேண்டாத விஷயங்கள். ஆனால் பிரசவ ஜன்னியில் ஒரு தாய் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் இவற்றில்தான் இருந்தது. சல்ஃபா மருந்துகள் 1930-களின் நடுவில்தான் வந்தன. பெனிசிலின் அதற்கும் பிறகு. அதுவரை கிருமிக்கு எதிராக இருந்தது சோப்பும் சுடுதண்ணீரும் கவனமும் மட்டுமே.

அடுத்ததாக மேரி செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு. தன் முதல் குழந்தையை அவர் தைக்காடு ஆஸ்பத்திரியிலேயே பெற்றெடுத்தார்.

அரண்மனை மருத்துவரின் ஒரே மகள். வக்கீல் வீட்டு மருமகள். வீட்டுக்கே நர்ஸை வரவழைத்து, வெள்ளை விரிப்பு விரித்து, அறையைத் தயார் செய்துகொள்ளும் வசதி அவருக்கு இருந்தது. அவரைப் போன்ற குடும்பங்களில் அதுதான் வழக்கமும்கூட. அந்த வசதியை விட்டுவிட்டு, பிற பெண்களைப் படுக்கச் சொன்ன அதே ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார். கண்காணிப்பாளர் ஒருவர் தன் கீழ் வேலை பார்க்கும் நர்ஸுகளின் கையில், தான் பழக்கிய மருத்துவச்சிப் பிள்ளைகளின் கண் எதிரே, நோவு தாங்காமல் முனகுவது என்பது சாதாரணக் காரியமா? மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நடுவில் இன்றும் ஒரு சுவர் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே தன் வீட்டுப் பிரசவத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரியைத் தேடும் மருத்துவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பயம் யாருக்கும் உண்டு. ஆனால் மேரி அன்று கடந்தது எத்தனை பெரிய தூரம் என்பது, அந்தச் சுவரை இன்று தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது.

அந்தச் செய்தி நகரத்துக்குள் எப்படிப் பரவியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். பத்திரிகையில் வந்திருக்க வேண்டியதில்லை. குளத்துப் படிக்கட்டிலும், சந்தையிலும், ஞாயிற்றுக்கிழமை பள்ளி முடிந்து வெளியே வரும் பெண்கள் நடுவிலும், டாக்டரம்மாவுக்கே அங்கேதான் பிள்ளை பிறந்ததாம் என்ற ஒரு பேச்சு போதும்.

1920-இல் அவர் செய்த சிசேரியன் அறுவையையும் இந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். கேரளத்தில் நடந்த முதல் சிசேரியன் என்று அது பதிவாகியிருக்கிறது. அன்றைய திருவனந்தபுரத்தில் மின்சாரம் கிடையாது, 1929-இல்தான் வந்தது. ரத்த வங்கி கிடையாது. வயிற்றைத் திறந்த பிறகு கிருமி தொற்றிவிட்டால் மருந்தும் கிடையாது. பிள்ளை குறுக்கே மாட்டிக்கொண்டால், தாயைக் காப்பாற்றப் பிள்ளையை உள்ளேயே சிதைத்து எடுப்பதுதான் அதுவரை மருத்துவர்களுக்குத் தெரிந்த வழி. அந்த வேலையைச் செய்துவிட்டு ஒரு மருத்துவர் வீட்டுக்குப் போய் எப்படிச் சோறு உண்டிருப்பார்? அந்த நிலையில் கத்தியை எடுத்த மருத்துவரின் துணிவு ஒரு பக்கம் என்றால், சம்மதித்து மேசையில் படுத்த அந்தத் தாயின் துணிவு இன்னொரு பக்கம். அவருக்குப் பின்னால் நின்று சரி என்று சொன்ன குடும்பத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகளில் சேர்ந்த நம்பிக்கை இல்லாமல் அந்தச் சம்மதம் வந்திருக்காது.

பெண் மருத்துவர் கிடைக்காமல் பெண்கள் செத்துப்போன காலம் அது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவம் பார்க்க ஆண் மருத்துவர் வேண்டாம், நீ வா என்று அழைத்ததும், மருத்துவம் படிக்காத ஐடா ஸ்கட்டரால் போக முடியாமல் அந்த மூன்று பெண்களும் இறந்ததும் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை. அதிலிருந்து வேலூர் மருத்துவமனை பிறந்தது. எங்கள் குமரிப் பக்கத்தில் லண்டன் மிஷன் 1838-இல் தொடங்கிய நெய்யூர் மருத்துவமனை உண்டு. நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் ஆஸ்பத்திரி உண்டு. இவை யாவும் மிஷன் வழியாக வந்த பணி. மேரியின் வழி வேறு. அவர் எந்த மிஷன் சங்கத்தின் ஊழியரும் அல்ல. ஸ்ரீபத்மநாபசுவாமியின் தாசராக மன்னர் ஆளும் ராஜ்யத்தில், சர்க்கார் சம்பளத்தில், சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண். ஜெபக்கூட்டமோ துண்டுப் பிரசுரமோ வார்டுக்குள் இல்லாமல், வந்தவர்களை வந்த நிலையில் பார்ப்பதுதான் அந்த வேலை.

அவருடைய விசுவாசத்தை நான் படிப்பது இந்த வேலையிலும், அவர் சுமந்த இன்னொரு பொறுப்பிலும்தான். 1918-இல் திருவனந்தபுரத்தில் இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கம் (ஒய்.டபிள்யூ.சி.ஏ.) தொடங்கியபோது அதன் தலைவரானார். 1968 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஐம்பது ஆண்டு! ஒரு சபையின் கமிட்டியில் மூன்று வருடம் இருந்து பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். கணக்கு, கட்டட ரிப்பேர், விடுதிச் சாப்பாட்டுக் குறை, நன்கொடைக்காக ஏறி இறங்கும் படிகள் என்று முடிவே இல்லாத வேலை. தலைமைச் செயலகத்துக்கு அருகே இன்றும் அந்தச் சங்கம் இருக்கிறது. ஊர் விட்டு வந்து படிக்கும் பெண்ணுக்கும், ஆசிரியை வேலைக்கோ நர்ஸ் வேலைக்கோ வந்து சேரும் பெண்ணுக்கும் நகரத்தில் தங்க ஒரு கண்ணியமான இடம் கிடைப்பது அந்தக் காலத்தில் பெரும் கஷ்டம். தனியாக ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அந்தக் கஷ்டத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாரணியர் இயக்கத்திலும் அவர் தலைமைப் பொறுப்பு வகித்தார்.

வேதாகமத்தில் இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள். எபிரெயருக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளைக் கொன்றுபோடச் சொல்லி எகிப்தின் ராஜா கட்டளையிடுகிறான். அவர்கள் தேவனுக்குப் பயந்து பிள்ளைகளை உயிரோடே காப்பாற்றுகிறார்கள். அந்த அதிகாரத்தில் ராஜாவின் பெயர் சொல்லப்படவில்லை. பார்வோன் என்ற பதவிப் பெயர்தான் இருக்கிறது. மருத்துவச்சிகள் இருவரின் பெயரும் இருக்கிறது. பேறு பார்ப்பதைத் தாழ்ந்த தொழிலாகவும் தீட்டாகவும் நினைத்த ஒரு நாட்டில், உயர்குடியில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண் அதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டதையும், மருத்துவச்சிகளின் பிள்ளைகளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டதையும் இந்த அதிகாரத்தோடு சேர்த்துப் படிக்கவே எனக்கு மனம் வருகிறது.

பதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920-களின் முற்பாதியில் திருவிதாங்கூர் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். சென்னைச் சட்டமன்றத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி வருவதற்குச் சில ஆண்டு முன்பே அது நடந்துவிட்டது. 1924-இல், இளம் வயதில் ரீஜென்ட் பொறுப்பேற்ற மகாராணி சேது லட்சுமி பாயின் ஆட்சி தொடங்கிய ஆண்டில், மருத்துவத் துறையின் தற்காலிகத் தலைவரானார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்ததும், பெரியார் திருவிதாங்கூர்ச் சிறைக்குப் போனதும் இதே ஆண்டில்தான். தெருவில் நடக்கவே தடுக்கப்பட்டவர்கள் இருந்த அந்த ராஜ்யத்தில், துறைத் தலைமை ஒரு பெண்ணிடம், அதுவும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணிடம் வந்ததை எண்ணிப் பார்க்கையில், ஒரு சமூகம் ஒரே நேரத்தில் எத்தனை நூற்றாண்டுகளில் வாழ முடியும் என்று வியப்பாக இருக்கிறது. 1938-இல் முழுமையான சர்ஜன் ஜெனரல். 32 அரசு மருத்துவமனைகள், 40 அரசு மருந்தகங்கள், 20 தனியார் நிறுவனங்கள் அவர் பொறுப்பில் வந்தன. மகாராஜா ‘வைத்தியசாஸ்திரகுசலா’ என்ற பட்டம் கொடுத்தார்.

அந்த 32-இல் நம்முடைய ஊர்களும் அடக்கம் என்பதைத் தமிழ்நாட்டில் பலர் மறந்துவிடுகிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தின் ஆளுகையில் இருந்தவை. நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தவர்களில் மேரியும் ஒருவர். ஸ்ட்ரெப்டோமைசின் வராத காலம். காசம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை என்பதுதான் வைத்தியம். வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கும் குடும்பத்துக்கு நோயாளியைத் தனியே வைக்க ஒரு இடம் இருப்பதே மற்ற ஏழு பேருக்கான மருந்து. பிற்காலத்தில் மாத்திரைகள் வந்த பிறகு, சென்னையில் நடந்த ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே பலன் கிடைக்கும் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. சானடோரியங்களின் காலம் அத்தோடு மெல்ல முடிந்தது. ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் மருத்துவமனை இருந்த வளாகத்தில் இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே படிக்கும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையை யாரும் இப்போது செய்தியாக்குவதில்லை. அறிவியல் படிக்க இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அது பெரிய மகிழ்ச்சியைத் தந்திருக்கும்.

திருவனந்தபுரத்தில் எக்ஸ்ரே, ரேடியம் நிலையத்தையும் அவர் தொடங்கினார். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை என்ற வாசல் அங்கே அப்படித் திறந்தது. சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று நாள் இடைவெளியில் பிறந்த இருவரும் பேறுகால வார்டில் தொடங்கி அதே நோயின் முன் வந்து நின்றிருக்கிறார்கள். பெண்கள் வெளியே சொல்லக் கூசி மறைத்து வைத்திருந்த மார்பகக் கட்டியையும் கருப்பைவாய்ப் புண்ணையும் முதலில் பார்க்கிறவர்கள் பெண் மருத்துவர்கள் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

குடும்பத்தைப் பற்றி. மகள் கிரேஸி அம்மாவைப் போலவே மருத்துவரானார். மகன் கே.பி. லூக்கோஸ் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து பல்கேரியாவில் தூதராக இருந்தார். கணவர் 1947-இல் காலமானார். அதற்குப் பிறகு இருபத்தொன்பது ஆண்டுகள் மேரி வாழ்ந்தார். உழைத்துக் களைத்த மனைவிமார்களைப் பற்றிப் பேசுகையில், கணவர் தடை சொல்லவில்லை என்பதை ஒரு பெருமையாகச் சொல்வது நம் வழக்கம். லூக்கோஸ் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டும் வீடு அது. பேறுகால மருத்துவருக்கு ஞாயிறும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள்; ஒருவர் கோர்ட்டுக்கும் ஒருவர் வார்டுக்கும் போய்க்கொண்டு முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள். அதை நடத்திக் காட்டிய இரண்டு பேருக்கும் அதில் சம பங்கு உண்டு.

1975-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அப்போது அவருக்கு எண்பத்தெட்டு வயது. வேலையைச் செய்து முடித்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு நாட்டுக்கு அவர் நினைவு வந்தது. 1976 அக்டோபர் 2-ஆம் தேதி, தொண்ணூறு வயதில் மறைந்தார்.

லீனா சந்திரன் அவருடைய வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக்கியிருக்கிறார். தமிழில் அப்படி ஒன்று வர வேண்டும். வருகிறபோது அதில் இன்னொரு அத்தியாயமும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தைக்காட்டில் பயிற்சி பெற்ற அந்த மருத்துவச்சிப் பிள்ளைகள் எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தார்கள், பிறகு எங்கே வேலை பார்த்தார்கள், எந்த மலையடிவாரம் வரைக்கும் போனார்கள் என்ற அத்தியாயம் அது. அவர்களில் நாஞ்சில் நாட்டிலிருந்தும் விளவங்கோட்டிலிருந்தும் போனவர்கள் இருந்திருக்கலாம். வாசகர்களில் யாருடைய பாட்டியாவது, பூட்டியாவது தைக்காட்டில் பேறு பார்க்கப் படித்தவர் என்று வீட்டில் பேச்சு இருந்தால், ஒரு பழைய சான்றிதழோ புகைப்படமோ பெட்டியின் அடியில் கிடந்தால், இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எழுதுங்கள். பெயரும் ஊரும் மட்டும் தெரிந்தாலும் போதும். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, வந்து சேருகிறவற்றை இந்தத் தொடரிலேயே வெளியிடுகிறேன்.

(தொடரும்)